காலில் போட்டுக் குளிப்பாட்டும் நேரம்

ஆச்சி புறவாசலில் மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கால்களையும் நீட்டிக்கொண்டார். பக்கத்தில் விளாவிய வெந்நீர், ஒரு கிண்ணத்தில் பயத்தமாவு. பதினொரு மாதப் பெண் குழந்தை. முதலில் மல்லாக்கப் போட்டு எண்ணெய் போகத் தேய்த்தார். பிறகு ஒரே புரட்டில் குப்புறப் போட்டு முதுகில் ஒரு செம்பு நீரை ஊற்றினார். குழந்தை சிலிர்த்தது. தலையைத் தூக்கியது. தலை இந்தப் பக்கம் ஆடி, அந்தப் பக்கம் ஆடி, நடுவுக்கு வந்து நின்றது. நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பிசியோதெரபிஸ்ட் மனதுக்குள் எண்ணினார்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. அடுத்த செம்பு விழுந்ததும் மறுபடியும் நான்கு.

பிறந்ததும் அழாத குழந்தை அது. மருத்துவச் சீட்டில் வளர்ச்சித் தாமதம் என்று எழுதியிருந்தது. வீட்டில் சொல்வது ‘கழுத்து நிக்கல’. பயிற்சி மையத்தில் சரிவு மெத்தைமேல் குப்புறப் படுக்கவைத்து, கிலுகிலுப்பையை ஆட்டி, அந்தத் தலையைத் தூக்கவைக்க அவர் ஆறு வாரமாகப் போராடியிருந்தார். ஒவ்வொரு முறையும் குழந்தை அலறும். அதைப் பார்த்து அம்மாவும் அழுவார். அதே காரியம் இங்கே தினமும் காலை ஒன்பது மணிக்கு, அழுகை இல்லாமல், நடந்துகொண்டிருந்தது. அதைப் பயிற்சி என்று ஆச்சியிடம் யாரும் சொன்னதில்லை. குளியலைப் பற்றி அவரிடம் யாரும் கேட்டதுமில்லை.

தென்காசியைச் சுற்றியுள்ள கிராமங்களில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் குழந்தைகளின் வீட்டுக்குப் போய்வரும் அந்தப் பெண், தன் பெயர் வேண்டாம் என்றார். ‘பிசியோ டீச்சர்’ என்றால் அந்தப் பக்கத்துத் தாய்மார்களுக்குத் தெரியும். அது போதும் என்பது அவர் எண்ணம். தன் தொழில் தொடங்கிய நாளாக அவர் சொல்வது பட்டம் வாங்கிய நாளை அல்ல, அந்தப் புறவாசல் காலையைத்தான்.

அதற்கு முந்தைய ஆண்டுகளைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் இறங்குகிறது. அப்போது அவர் கையில் ஒரு தாள் இருக்கும். கோட்டோவியங்கள் போட்ட பயிற்சித் தாள். காலை இப்படி மடக்கு, பத்து முறை. கையை இப்படி நீட்டு, பத்து முறை. காலை, மதியம், மாலை இருபது இருபது நிமிடம். அடுத்த வாரம் வரும் தாயிடம் முதல் கேள்வி: “பயிற்சி செஞ்சீங்களா?” தாய் “செஞ்சேன்” என்பார். குழந்தையின் காலைத் தொட்டாலே செய்யவில்லை என்று தெரிந்துவிடும். அவர் கடிந்துகொள்வார். சில தாய்மார்கள் அதன்பிறகு வரவே மாட்டார்கள். வராமல் போனவர்களின் பெயர்களுக்கு நேரே, ‘ஒத்துழைப்பு இல்லை’ என்று பதிவேட்டில் தன் கையாலேயே எழுதியிருக்கிறார். இன்றைக்கும் அவரை உறுத்துவது அந்த இரண்டு சொற்கள்தாம்.

ஒரு பீடி சுற்றும் வீட்டில்தான் அவருக்கு உறைத்தது. அந்தப் பக்கத்தில் ஏராளமான பெண்களின் மடியில் பீடித்தட்டு இருக்கும். இலை நறுக்கி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, எண்ணிக் கட்டாக்கிச் சாயங்காலம் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எண்ணிக்கைக்குத்தான் கூலி. அந்தத் தாய் தலை நிமிராமல் சுற்றிக்கொண்டே சொன்னார்: “டீச்சர், நீங்க சொல்லுத மூணு வேளையும் உக்காந்தா எனக்கு ஒரு மணி நேரம் போயிரும். அந்தக் கூலியிலதான் இவன் வலிப்பு மாத்திரை வாங்குதேன்.”

டீச்சர் அன்று தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். அதன்பின் எந்த வீட்டிலும் அதை எடுக்கவில்லை.

கணக்கை அவர் இப்படிப் போட்டுக் காட்டுகிறார். இரண்டு வயதுக் குழந்தை நாளொன்றுக்கு ஏறக்குறைய 12 மணி நேரம் விழித்திருக்கும். வாரத்துக்கு 84 மணி நேரம். அதில் பயிற்சியாளர் கையில் கிடைப்பது ஒரு மணி நேரம். பேருந்து தவறினால் அதுவும் இல்லை. மீதி 83 மணி நேரமும் குழந்தை அம்மா, ஆச்சி, அக்கா, பக்கத்து வீட்டு மதினி கையில்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் அது எப்படித் தூக்கப்படுகிறது, எந்தப் பக்கமாகப் படுக்கவைக்கப்படுகிறது, எப்படி ஊட்டப்படுகிறது, யார் அதன் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள் என்பவைதான் அதன் உடம்பில் போய்ச் சேர்கின்றன.

இதை அவர் தானாகக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லிக்கொள்வதில்லை. உலகின் வேறு மூலைகளில் மற்றவர்களும் இதே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். டேவிட் வெர்னர் மெக்ஸிகோவின் மலைக் கிராமங்களில் மாற்றுத்திறனாளிகளோடு சேர்ந்து கற்றவற்றை 1987-இல் கிராமத்துக் குழந்தைகளுக்கான ஒரு பெரிய கையேடாக வெளியிட்டார். கையால் வரைந்த படங்கள் நிறைந்த அந்தப் புத்தகத்தின் பிரதி ஒன்று, முதுகு பிய்ந்து, டீச்சரின் பையில் இருக்கிறது. அமெரிக்காவில் 1986-இல் வந்த சட்டம், மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கான சேவையைக் குடும்பத்தை மையமாக வைத்துத் திட்டமிடச் சொன்னது. அங்கே ராபின் மெக்வில்லியம் என்ற ஆய்வாளர் அன்றாட வேளைகளை வைத்தே குடும்பத்தைக் கேட்டறியும் ஒரு நேர்காணல் முறையை வகுத்தார். காலையில் கண் விழிப்பதிலிருந்து இரவு தூங்குவது வரை ஒவ்வொரு வேளையிலும் மற்றவர்கள் என்ன செய்கிறார்கள், குழந்தை என்ன செய்கிறது, எதைத் தானே செய்கிறது, யாரோடு எப்படிப் பழகுகிறது என்று கேட்க வேண்டும். ஏறத்தாழ இரண்டு மணி நேரம் பிடிக்கும். முடிவில் என்ன வேண்டும் என்று குடும்பமே வரிசைப்படுத்திச் சொல்லும்.

அந்த முறையை ஒரு பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டு வந்த டீச்சர், ஊருக்கு ஏற்ப அதைப் பிரித்துத் தைத்தார். ஒவ்வொரு வேளையும் உங்களுக்கு எவ்வளவு திருப்தி, 1 முதல் 5 வரை சொல்லுங்கள் என்பது அந்த முறையில் ஒரு கேள்வி. இங்கே எல்லாத் தாய்மாரும் எல்லாவற்றுக்கும் 5 கொடுத்தார்கள். டீச்சர் கேட்கிறாரே, குறைத்துச் சொன்னால் தப்பாகிவிடுமோ என்ற பயம். அதனால் அவர் கேள்வியை மாற்றினார்: “இந்த நேரம் எப்படா முடியும்னு இருக்குமா, இன்னும் கொஞ்சம் இருக்கலாம்னு இருக்குமா?” அப்போதுதான் பதில் வந்தது. சாப்பாட்டு நேரம் எப்போது முடியும் என்று இருக்கும் என்று ஒருத்தி அழுதாள். அதிகம் பேசாத ஒருத்தி, மொட்டைமாடியில் துணி எடுக்கப் போகும் நேரத்தைப் பற்றி முகம் மலர்ந்து சொன்னாள். குழந்தை அந்தக் காற்றில் சிரிக்குமாம்.

இன்னொன்றும் கற்றுக்கொண்டார். மாமியார் கூடத்தில் இருந்தால் மருமகள் பேச மாட்டாள். அவளோடு குழாயடிக்கோ கொல்லைக்கோ நடக்க வேண்டும். அதேபோல மருமகளை மட்டும் கேட்டுவிட்டுப் போனால், குளிப்பாட்டுகிற, சங்கில் புகட்டுகிற, தூளி ஆட்டுகிற கை யாருடையதோ அவரைக் கேட்காமலே போனதாகிவிடும். நம் வீடுகளில் குழந்தை ஒருத்தி கையில் வளர்வதில்லை. மேல்நாட்டு முறைகளை அப்படியே எடுத்துக்கொண்டால் இந்த இடத்தில் வழுக்கும்.

அவர் அதிகம் சொல்லும் சொல் ‘அப்புறம்?’. சொல்லிவிட்டுக் காத்திருப்பார்.

பழக்கம் என்பதாலேயே எல்லாம் நல்லது என்று அவர் விட்டுவிடுவதில்லை. சங்கு அதற்கு ஒரு சான்று. காலில் மல்லாக்கப் போட்டு, தலை பின்னால் சரிய, சங்கில் பாலைச் சாய்த்து ஊற்றுவது பல வீடுகளில் நடப்பது. விழுங்கும் தசைகள் சரியாக வேலை செய்யாத குழந்தைக்கு இது ஆபத்து. பால் மூச்சுக்குழாய்க்குள் போகும், புரையேறும், நெஞ்சுச் சளி திரும்பத் திரும்ப வந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியிருக்கும். மூக்கில் எண்ணெய் விடுவதும், வாயால் ஊதி மூக்கைச் சுத்தம் செய்வதும் இதே வகை. இவற்றில் அவர் விட்டுக்கொடுப்பதில்லை. ஆனால் சொல்லுகிற விதம் உண்டு. ஓர் ஆச்சியிடம் அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. “ஆச்சி, நல்லா அண்ணாந்து பாத்துக்கிட்டு எச்சி முழுங்குங்க” என்றார். ஆச்சி முயன்றார். தொண்டை இறுகியது. “இப்பத் தலையைக் கொஞ்சம் குனிஞ்சு முழுங்குங்க.” இறங்கியது. ஆச்சி தன் தொண்டையைத் தடவிக்கொண்டே சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “அப்ப பிள்ளைக்கு இத்தனை நாளும் இப்பிடித்தான் இருந்துச்சா எம்மா?” என்றார். அன்று முதல் குழந்தை முழங்கையின் வளைவில் நிமிர்ந்து உட்கார்ந்து, மோவாய் சற்றே தாழ, சின்னக் கரண்டியில் குடித்தது. ஊட்டும் கை மேலிருந்து வராமல் நேராக முன்னாலிருந்து வந்தது.

தூக்குவதும் அப்படித்தான். மூளை முடக்குவாதத்தில் சில குழந்தைகளுக்குக் கால்கள் இறுகிக் கத்திரிக்கோல் மாதிரி பின்னிக்கொள்ளும். இரண்டரை வயதுச் சிறுமி ஒருத்திக்கு அப்படி. அவளை அவள் அம்மா கைக்குழந்தை போலக் குறுக்கே ஏந்தியே தூக்கிப் போவார், பார்க்கிறவர்கள் “தூங்குதா?” என்பார்கள். காலை அகட்டிப் பயிற்சி கொடுக்கப் போனால் அலறல். டீச்சர் கேட்டது ஒன்றுதான்: ஒரு நாளைக்கு இவளை எங்கெல்லாம் தூக்கிப் போவீர்கள்? ரேஷன் கடை, பெரியவளை விட்டுவரப் பள்ளிக்கூடம், மாலையில் திரும்ப அழைத்துவர, கோயில். கூட்டிப் பார்த்தால் 40 நிமிடம். நம் ஊர்ப் பெண்கள் காலங்காலமாகக் குழந்தையை இடுப்பில் வைப்பவர்கள். இடுப்பில் வைத்தால் கால்கள் தாமாக இரண்டு பக்கமும் அகலும். இறுகிய காலை இழுத்துப் பிரிக்கக் கூடாது. முதலில் முழங்காலை மடக்கி மார்புப் பக்கம் கொண்டுபோனால் இறுக்கம் தளரும். பிறகு மெல்ல அகட்டி இடுப்பில் வைக்கலாம். அந்த அம்மா இரண்டு நாளில் பழகிக்கொண்டார். இடுப்பில் ஏறியதும் சிறுமிக்குத் தெரு தெரிந்தது. ஆடு தெரிந்தது. எதிரே வருகிறவர்களின் முகம் தெரிந்தது. “தூங்குதா?” என்று கேட்டவர்கள் அவளிடமே பேச்சுக்கொடுக்கத் தொடங்கினார்கள்.

சட்டை போடுவதில் ஒரு சின்ன நுணுக்கம்: பலவீனமான கையை முதலில் நுழைக்க வேண்டும், கழற்றும்போது அதைக் கடைசியாக எடுக்க வேண்டும். இதைக் கற்றுக்கொடுக்க ஒரு நிமிடம் போதும். தினமும் இரண்டு முறை சட்டை மாற்றினால் மாதத்துக்கு 60 முறை அந்தக் கை நீளும், மடங்கும்.

பேச்சு வராத ஒரு பையனின் வீட்டில் நடந்ததை அவர் விரிவாகச் சொன்னார். இரண்டு வயது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான். வீட்டில் செல்போன் பாட்டும் படம் போட்ட அட்டைகளும் காட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் முதலில் செய்தது காது கேட்கிறதா என்று பரிசோதிக்க அனுப்பியதுதான். பேச்சு வராத எந்தக் குழந்தைக்கும் அதுதான் முதல் படி. காதில் குறையில்லை. பிறகு ‘அப்புறம்?’ தொடங்கியது. அவன் எதற்காவது ஓடி வருவானா? “தண்ணி வந்தா வருவான் டீச்சர். குழாயில காத்து வர்ற சத்தம் கேட்டாலே ஓடியாருவான்.” அந்தத் தெருவில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் குடிநீர் வரும். அடுத்த முறை டீச்சர் தண்ணீர் வரும் நேரத்துக்குப் போனார். பையனின் முகம் அப்படி விழித்திருந்ததை மையத்தில் ஒருபோதும் கண்டதில்லை.

அம்மா குடத்தைக் குழாயடியில் வைத்தார். தண்ணீர் கொஞ்சம் விழுந்ததும் உள்ளங்கையால் குழாய் வாயை அடைத்தார். பையனின் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பத்து எண்ணும்வரை காத்திருக்க வேண்டும் என்பது டீச்சரின் கட்டளை. குழாயடியில் வரிசை நிற்கும்போது பத்து எண்ணுவது எவ்வளவு பெரிய காரியம் என்று அங்கே நின்றவர்களுக்குத்தான் தெரியும். பின்னால் நின்ற பெண்கள் முதல் நாள் முணுமுணுத்தார்கள், விஷயம் தெரிந்ததும் அவர்களும் பேசாமல் நின்றார்கள். பையன் அம்மாவின் கையைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான். கை எடுபட்டது, “தண்ணி!” என்றார் அம்மா, தண்ணீர் பாய்ந்தது. இதையே வீட்டில் குளிக்கும் செம்பிலும், கோழிக்கு அரிசி போடும் வேளையிலும் செய்தார்கள். கோழி வேலையை அக்கா எடுத்துக்கொண்டாள். மூன்றாவது வாரம் குழாயடியில் “ண்ணி” என்று ஒரு சத்தம் வந்தது. வரிசையில் நின்ற ஒருவர்தான் அதை முதலில் கேட்டிருக்கிறார்.

தோற்ற இடங்களும் உண்டு. குளியல் இவ்வளவு பயன்படுகிறதே என்று, ஒரு வீட்டில் அந்த வேளைக்குள்ளேயே நான்கு குறிக்கோள்களைத் திணித்தார்: தலை நிற்க, கை நீட்ட, உடல் உறுப்புகளின் பெயர் சொல்ல, செம்பைப் பிடிக்க. இரண்டு வாரத்தில் அந்த ஆச்சி, “நீயே குளிப்பாட்டிக்கோ எம்மா, எனக்குப் பதறுது” என்று எழுந்துவிட்டார். பேரக்குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த நேரம் அது; அதை டீச்சர் பரீட்சை ஆக்கிவிட்டார். அன்றிலிருந்து ஒரு வேளைக்கு ஒரு காரியம். காலை ஏழு முதல் எட்டரை வரை, பெரிய பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் அவசரத்தில், எதுவும் கிடையாது. இரவு ஒரு நாடகம் பார்க்கும் அரை மணி நேரம் மட்டும்தான் தனக்கு என்று ஒரு தாய் சொன்னால், அந்த அரை மணி நேரத்தை அவர் தொடுவதில்லை.

மையமே வேண்டாம் என்று அவர் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2013-இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக் குழந்தைகளை மருத்துவக் குழு ஆண்டுக்கு இரண்டு முறை பார்க்க வேண்டும். பிறவிக் குறைபாடு, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சித் தாமதம் கண்டறியப்பட்டால் மாவட்ட ஆரம்பகால இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். வலிப்புக்கு மருந்து, காது, கண் பரிசோதனை, காலுக்கான பிளாஸ்டிக் தாங்கி இவையெல்லாம் புறவாசலில் கிடைக்காது. தென்காசி தனி மாவட்டமானதே 2019 நவம்பரில்தான். அதற்கு முன் மாவட்டத் தலைநகர் என்றால் திருநெல்வேலி. இறுகிய உடம்போடு இருக்கும் குழந்தையை மடியில் வைத்து 50 கிலோமீட்டருக்கு மேல் பேருந்தில் போய்வந்த தாய்க்கு அந்த நாளின் கூலியும் போகும், மறுநாளின் தெம்பும் போகும். வீடு தேடிப் போகும் வழக்கம் இந்த வட்டாரத்துக்குப் புதிதல்ல. ஆய்க்குடியில் 1981-இல் எஸ். ராமகிருஷ்ணன் தொடங்கிய அமர் சேவா சங்கம், குடும்பத்தை மையமாக வைத்த ஆரம்பகாலப் பயிற்சியைக் கிராமங்களுக்கு எடுத்துச் சென்றிருக்கிறது.

டீச்சருக்கு மனக்குறை ஒன்று உண்டு. அவர் நிரப்பும் பதிவேட்டில் ‘பயிற்சி அளித்த நேரம்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. ஆச்சி குளிப்பாட்டியதையும் அக்கா கோழிக்கு அரிசி போட்டதையும் எழுதக் கட்டம் இல்லை. பல மாதம் வாதாடிப் பார்த்துவிட்டு, பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதி வருகிறார். அந்த ஓரக் குறிப்புகள்தான் படிக்கத் தக்கவை என்பது, இரண்டு பதிவேடுகளைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குத் தோன்றியது.

நேர்காணலின் கடைசியில் மெக்வில்லியத்தின் முறையில் இரண்டு கேள்விகள் வரும். இரவில் தூக்கம் வராமல் படுத்திருக்கும்போது எதை நினைத்துக் கவலைப்படுகிறீர்கள்? உங்கள் வாழ்க்கையில் ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவீர்கள்? முதல் கேள்விக்கு ஊரெல்லாம் ஒரே பதில்: எனக்கப்புறம் இவனை யார் பார்ப்பார்கள்? அதற்கு டீச்சரிடம் மறுமொழி இல்லை. கேட்டுக்கொண்டு கூட உட்கார்ந்திருப்பார். இரண்டாவது கேள்விக்கு, நான்கு வயதுப் பையனின் அம்மா ஒருவர், அதே பீடி சுற்றும் வீட்டுக்காரர், சற்று யோசித்துவிட்டுச் சொன்னார்: “ஒரு கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்து, எலையில வச்சது ஆறதுக்குள்ள சாப்பிடணும் டீச்சர். நாலு வருசமாச்சு.”

டீச்சர் அதையே குறிக்கோளாக எழுதினார். பையன் நடப்பான் என்று எழுதவில்லை. அந்தக் குழந்தையின் நிலையில் அது வராது என்று தெரியும். வீட்டில் சுவர் மூலையில் தலையணைகளை அண்டக் கொடுத்து அவனை உட்காரவைத்தார்கள், பீடித் தூள் படாமல் வாசல் பக்கத்து மூலையில், அம்மாவின் முகம் பார்க்க. முதலில் ஐந்து நிமிடம். கொத்தனார் வேலை முடிந்து ஏழு மணிக்கு வரும் அப்பா இரவுச் சோறு ஊட்டும் வேலையை எடுத்துக்கொண்டார். “எனக்கு என்ன தெரியும்” என்றவர், இரண்டு மாதத்தில் மகனுக்குப் புரையேறாத கவளத்தின் அளவை மனைவியைவிட நன்றாக அறிந்திருந்தார். பிறகு நாற்காலி, இடுப்பைச் சுற்றிக் கட்ட ஒரு துண்டு. பிறகு சத்தம்: மேளம் கேட்டால் அவன் உடம்பு விறைத்துக்கொள்ளும் என்பதால், கோயில் கொடை நாட்களில் முதலில் தூரத்தில், பிறகு கிட்டே. ஏழு மாதம் ஆயிற்று.

ஓர் ஆவணி மாத முகூர்த்த நாள், மதியம் ஒன்றரை மணிக்கு டீச்சரின் செல்போனுக்கு ஒரு படம் வந்தது. வாழையிலையில் ஆவி பறக்கும் சோறு, பருப்பு, அவியல். பக்கத்து நாற்காலியில் துண்டு கட்டி உட்கார்ந்திருக்கும் பையன், அவன் வாயருகே அப்பாவின் கை. அம்மா படத்தில் இல்லை. படம் ஒரு பக்கமாகச் சாய்ந்து, ஓரம் மங்கலாக இருந்தது. வலது கையில் சோறு இருந்ததால் இடது கையால் எடுத்ததாக, கீழே எழுதியிருந்தார்.